துண்டு தொங்கினால் தூக்கம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரிக்கு முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் உண்டு. முன்பக்கம் பிருந்தா மேடத்துக்கு. யாழன் எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மில்லி பால் குடித்தான், ஆய் போனானா, எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் முதலில் புரட்டுகிறார். டைரியைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுவது எனக்கு. பதினோரு மாதப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு எழுதும்போது, நாற்பத்திரண்டு வயதுக்காரியைப் பற்றி நாலு வரி எழுதினால் குடி முழுகிவிடாது.

நான் சவரியம்மாள். திண்டுக்கல்லில் பதினாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். மில்லை மூடினார்கள். சென்னையில் பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் இரட்டை டவர். எங்கள் வீடு ஏ டவர், பதினேழாவது மாடி. வந்து இரண்டு மாதம் ஆகிறது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாழன் தூங்குவான். அப்போது டிவி கூடாது, மிக்ஸி கூடாது. செல்போன் செருப்பு அலமாரிக்கு மேலே உள்ள கூடையில் கிடக்க வேண்டும். ஒருநாள் என் மகள் ரெஜினா கூப்பிட்டு, போன் அலறி, அவன் திடுக்கிட்டு எழுந்து ஒரு மணி நேரம் அழுததிலிருந்து இந்தச் சட்டம். ஹாலில் ஒரு கேமரா, அவன் அறையில் ஒரு கேமரா. எல்லாம் நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை.

சேர்ந்த அன்றே மேடம் கேட்டார். "அந்த ரெண்டு மணி நேரம் உங்களுக்கு போர் அடிக்காதாக்கா?"

"எனக்காங்க? சும்மா இருந்து பழக்கமே இல்லங்க எனக்கு" என்றேன்.

இன்று அந்த நேரத்தில் துணி மடித்தேன். மடித்தது சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன். பருப்பு டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். மணி பார்த்தால் ஒன்று இருபத்தைந்து.

ஜூன் 5, புதன்

மில்லில் சத்தம் என்றால் சத்தம். பக்கத்தில் நிற்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் எங்கள் பேச்சு எல்லாம் கையால்தான். சாப்பிடப் போகலாமா, சூப்பர்வைசர் வருகிறான், உன் பக்கம் நூல் அறுந்திருக்கிறது, நேற்று உன் வீட்டுக்காரன் குடித்துவிட்டு வந்தானா, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இங்கே ஊசி விழுந்தால் கேட்கிறது. பேசத்தான் ஆள் இல்லை. அதற்காக நான் ஏங்கிப் போய்விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஜூன் 6, வியாழன்

ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்கிறது. ஆயிரத்து நாற்பது வரை எண்ணினேன்.

ஜூன் 10, திங்கள்

இன்று ஹாலில் இருக்கும் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். சும்மாதான். மனுஷி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு கண் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்பது ஒரு மரியாதை. சாயங்காலம் மேடம், "ஏன்க்கா மத்தியானம் சிரிச்சீங்க? ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லைங்க, பல்லு வலி" என்றேன். நல்ல பதில்தான் போங்கள். அதற்கு ஒரு மாத்திரை வேறு கொடுத்தார். முழுங்கி வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பால்கனி யாழன் அறையை ஒட்டித்தான் இருக்கிறது. அவன் சிணுங்கினால்கூடக் கேட்கும். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க என் செருப்பை இடுக்கில் வைத்துவிட்டு வெளியே நின்றேன்.

எதிரே பி டவர். இருபது மாடி, மாடிக்கு ஆறு பால்கனி. வாஷிங் மெஷின், காய்ந்த துளசி, குழந்தை சைக்கிள். ஒரு பால்கனியிலும் ஆள் இல்லை. இத்தனை பணம் போட்டு பால்கனி வைத்து வீடு வாங்கி அதில் வாஷிங் மெஷினைக் குடிவைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆள். எனக்கு ஒரு மாடி கீழே, ஒல்லியாக ஒருத்தி, சின்னச் சின்ன ஃபிராக்குகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தவள் அதையே எடுத்து மறுபடி போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவளும் பிள்ளை பார்க்கிறவள்தான்.

கையை உயர்த்தினேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு யாருக்கோ என்று நினைத்திருப்பாள். அப்புறம் அவளும் உயர்த்தினாள்.

ஜூன் 13, வியாழன்

கத்திப் பேசினால் பிள்ளைகள் எழுந்துவிடும். அதனால் மில் பாஷைதான். அவளுக்குத் தெரியாது, நான்தான் கற்றுக்கொடுக்கிறேன். கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். வயிற்றில் தட்டினால் சாப்பிட்டாயா. மூன்று நாளில் பிடித்துக்கொண்டாள். புத்திசாலி.

இன்று அவளே ஒன்று சொல்லிக்கொடுத்தாள். கம்பியில் ஒரு மஞ்சள் துண்டைத் தொங்கவிட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். துண்டு தொங்கினால் பிள்ளை தூங்குகிறது, எடுத்துவிட்டால் எழுந்துவிட்டது. நானும் பச்சைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.

பேர் தெரியாது. மஞ்சத்துண்டு என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

மஞ்சத்துண்டு ஒரு மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, தடித்த ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சதுரம் போட்டு, குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு, தூக்கிக் காட்டினாள்! பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஆளுக்கு மூன்று கல் வைத்து ஆடுவோமே, மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தால் ஜெயம், அந்த ஆட்டம். நான் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, மூன்று துணிக்கிளிப்பும் மூன்று புளியங்கொட்டையும் வைத்துக்கொண்டேன். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று விரலால் காட்ட வேண்டியதுதான்.

நான்கு ஆட்டம் ஆடினோம். நாலிலும் நான்தான்.

யாழன் எழுந்தபோது மணி மூன்றேகால். இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு முத்தம் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஜூன் 24, திங்கள்

இதுவரை ஆட்டத்தில் நான் இருபத்திரண்டு ஜெயம், அவள் பதினேழு. சனி, ஞாயிறு அவளுக்கு லீவு. அந்த இரண்டு நாளும் எப்படிப் போயிற்று என்று எழுத ஒன்றுமில்லை. ரெஜினா நேற்று கூப்பிட்டாள், திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருஷம். "எப்டிம்மா இருக்க, சாப்ட்டியா, சரி வைக்கிறேன்" என்று ஒரே மூச்சில் முடித்தாள். பரீட்சை நேரம், பாவம்.

ஜூன் 27, வியாழன்

எனக்குக் கெட்ட கோபம். கள்ள ஆட்டத்தை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

எங்கள் ஊரில் காயைக் கோடு பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். பக்கத்துப் புள்ளி காலியாக இருந்தால் அங்கே போகலாம், அவ்வளவுதான். நான் ஐந்திலும் ஆறிலும் காயை வைத்து ஜெயிக்கப் போகிற நேரத்தில், இவள் ஒன்றாவது புள்ளியில் இருந்த காயைத் தூக்கி, தன் ஏழு, எட்டோடு சேர ஒன்பதில் வைத்துவிட்டேன் என்று விரலைக் காட்டுகிறாள். ஒன்றிலிருந்து ஒன்பதுக்கு! இது என்ன காயா, காக்காயா, பறந்து போக? 'கூடாது' என்று கையை ஆட்டினேன். 'எங்க ஊர்ல உண்டு' என்பது போல நெஞ்சில் தட்டிக் காட்டினாள். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். மில்லில் அதற்கு 'உன் சங்காத்தமே வேண்டாம்' என்று அர்த்தம். பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நாளைக்கு அவளே கூப்பிடட்டும். கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் நலம். விவரம் நாளைக்கு எழுதுகிறேன். முன்பக்கத்தில் மட்டும் எழுதினேன்: தூக்கம் 1.05, நானே எழுப்பியது 1.50.

ஜூன் 29, சனி

வெயில் அதிகம் என்று நேற்று பால்கனித் திரையை இழுத்துவிட்டிருந்தேன். ஒன்று ஐம்பதுக்குத் தற்செயலாக விலக்கிப் பார்த்தேன்.

மஞ்சத்துண்டு பால்கனியில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்கிறாள். ஒரு கால் கம்பிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பால்கனிக்குத் தாண்டப் பார்க்கிறாள். பதினாறாவது மாடி. கீழே கார்கள் தீப்பெட்டி அளவில் நிற்கின்றன. அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரோட்டுச் சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்துவாள். உள்ளே கொக்கி விழுந்துவிட்டது. போன் உள்ளே. பிள்ளையும் உள்ளே.

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த தொண்டை முழுவதையும் திறந்தேன். "ஏய்! எறங்குடீ! நான் வர்றேன்! வர்றேன்டீ!"

காற்றில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்காகப் போட்டுக் கீழே இறக்கினேன். மில்லில் யாருடைய துணியாவது மெஷினில் மாட்டினால் காட்டுகிற சைகை. நிறுத்து. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆனாலும் புரிந்துகொண்டு காலை உள்ளே எடுத்தாள். எடுத்தவள் வீட்டுக்குள் கையைக் காட்டி, குளிப்பது போலத் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். பிள்ளை எழுந்து பாத்ரூமுக்குள் போய்விட்டது. அங்கே தண்ணீர் நிரம்பி இருக்கிறது.

யாழனைத் தூக்கத்தோடு வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பு போடவில்லை. கேமரா பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பி டவர் செக்யூரிட்டி, "எந்த வீடும்மா?" என்றார்.

"பதினாறாவது மாடி. எங்க டவரைப் பாத்த பக்கம், இந்த ஓரத்துலேருந்து மூணாவது. பிள்ளை உள்ள மாட்டிக்கிச்சுண்ணே, ஓடியாங்க!"

"வேலை செய்றவங்க பேரு?"

"தெரியாது."

"பேரே தெரியாதவங்களுக்காகவா இப்பிடி ஓடியார்றீங்க?" என்றார். ஆனால் நல்ல மனுஷன், கேட்டுக்கொண்டே லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டார். லிஃப்டுக்குள்ளேயே அந்த வீட்டு ஷோபனா மேடத்துக்குப் போன் போட்டார். எண் அமுக்கித் திறக்கிற பூட்டு. அவர் ஆபீஸில் இருந்தபடியே ஆறு எண் சொன்னார்.

பாத்ரூமில் ரியா, ஒன்றேகால் வயசுப் பெண் குழந்தை, தரையில் உட்கார்ந்திருந்தாள். நீலத் தொட்டி பாதி சரிந்து, தண்ணீர் எல்லாம் கொட்டி, தலையோடு கால் நனைந்து, சோப்பு டப்பாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். தொட்டி அவள் பக்கம் சரிந்தது எங்கள் நல்ல காலம். உள்பக்கம் அவள் சரிந்திருந்தால் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான் பால்கனிக் கதவின் கொக்கியைத் தூக்கியதும் மஞ்சத்துண்டு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, உம் பேரு இன்னாக்கா?"

"சவரியம்மா. உம் பேரு?"

"பச்சையம்மா."

பதினேழு நாளாகப் பழகுகிறோம்.

ஜூன் 30, ஞாயிறு

டவர் முழுக்க என் பேச்சுதான். லிஃப்டில் ஏறினால் தெரியாதவர்களெல்லாம் கும்பிடுகிறார்கள். அடுத்த ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். பிருந்தா மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. யார் போன் செய்தாலும், "எங்க அக்காதான், ஆமா, கரெக்டா ஒன்னு அம்பதுக்குப் பாத்திருக்காங்க" என்கிறார். ரெஜினாகூட இன்று பத்து நிமிஷம் பேசினாள்.

சாப்பாடு இறங்கவில்லை. முந்தாநாள் ஓடிய அலைச்சலாக இருக்கும்.

ஜூலை 1, திங்கள்

ஒன்றேகாலுக்குத் துண்டைத் தொங்கவிட்டேன். எதிரே யாரும் வரவில்லை.

சாயங்காலம் மேடம் சொன்னார். "ஷோபனா அந்தம்மாவை வெள்ளிக்கிழமையே நிறுத்திட்டாங்கக்கா. பிள்ளையை விட்டுட்டு பால்கனில என்ன வேலைன்னு கேட்டிருக்காங்க. அவங்க வாயே தொறக்கலயாம். வேற ஆள் கிடைக்கிற வரை ஷோபனாவே ஒரு வாரம் லீவு."

"வாயே தொறக்கலயாங்க?"

"ஒரு வார்த்தை பேசலயாம். துணி காயப்போட வந்தேன்னாவது சொல்லியிருக்கலாம்."

நான் யாழனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அவனுக்கு ஊட்ட வேண்டிய பருப்புச் சோற்றை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

பொய் எழுத முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கமாவது யோக்கியமாக இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நான் திரையை வெயிலுக்காக இழுக்கவில்லை. ஒன்று இருபதுக்கு, அவள் வந்திருக்கிறாளா பார்ப்போம் என்று போனேன். வந்திருந்தாள். மஞ்சள் துண்டைக் கையில் பிடித்து வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் ஆட்டினாள். ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறாள், சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தேன். கெஞ்சட்டும் என்று நினைத்தேன். அவள் கண்ணெதிரே திரையை இழுத்தேன். மெதுவாக, அவளுக்குத் தெரியும்படி இழுத்தேன்.

அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, அவள் எத்தனை நேரம் ஆட்டுவாள் பார்ப்போம் என்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்த மாதிரி இருந்தது. அந்த முப்பது நிமிஷம் எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

கோபம் இல்லாத மற்ற நாளாக இருந்திருந்தால் ஒன்று இருபத்தைந்துக்கு அந்தக் கதவு திறந்திருக்கும். பிள்ளை அப்போது கட்டிலில்தான் இருந்திருக்கும். பச்சையம்மா கம்பியில் கால் வைத்திருக்க மாட்டாள். வேலையும் போயிருக்காது. எனக்குப் பொன்னாடையாம்.

ஜூலை 3, புதன்

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், "பி டவர் வரைக்கும் போயிட்டு வந்துர்றேங்க" என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ஷோபனா மேடம் கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னார், காபி போடப் போனார். "காபி வேணாங்க. மொதல்ல நான் சொல்லிர்றேன், அப்புறம் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், காய், துண்டு, சண்டை, ஒன்று இருபது, திரை.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "முப்பது நிமிஷம் பாத்துட்டே இருந்தீங்களா?"

"பாத்துட்டு இருக்கலைங்க. பாக்க மாட்டேன்னு இருந்தேன்."

"ரெண்டு பேரும் விளையாடிட்டு இருந்திருக்கீங்க. எங்க பிள்ளைங்களை வச்சுக்கிட்டு!"

"தூங்குற பிள்ளைக்குக் காவல் இருந்தோங்க. காவல் இருக்குறவளுக்கும் கண்ணு திறந்திருக்கணும்ல? நீங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை பேரு மொகத்தைப் பாப்பீங்க? அவ பாத்தது என் மொகம் ஒன்னுதான். நான் பாத்தது அவ மொகம் ஒன்னுதான். அதையும் அன்னைக்கி நான் திருப்பிக்கிட்டேன். தப்பு அவ பால்கனில நின்னது இல்லைங்க. நான் நிக்காமப் போனது."

"கதவைச் சாத்தினது யாரு?"

"அவதாங்க. தப்புதான். உங்க பிள்ளை தூக்கம் கெடக் கூடாதுன்னு சாத்துனா. அந்தக் கொக்கியை மாத்துறதுக்கு ஒரு ஆசாரி போதும். பிள்ளைக்காக பதினாறாம் மாடிக் கம்பியில கால் வைக்கிறவளை எங்க போய்த் தேடுவீங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "நீங்க போகலாம்" என்றார்.

காபி வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து பிருந்தா மேடத்திடமும் சொல்லிவிட்டேன். வேறு வாயால் போய்ச் சேருவதைவிட என் வாயே மேல். அவர், "நான் யோசிக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 4, வியாழன்

மேடம் வீட்டிலிருந்தே வேலை செய்தார். என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

ஒன்றே முக்காலுக்கு எதிர்ப் பால்கனியில் ஆள் தெரிந்தது. பச்சையம்மா இல்லை, ஷோபனா மேடம். இரண்டு கையும் கம்பியில், தலை கலைந்து, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? கையை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

பையைக் கட்டி வைத்தேன். யாரும் கட்டச் சொல்லவில்லை. தயாராக இருப்பது என் வழக்கம்.

ஜூலை 6, சனி

யாழனைக் குளிப்பாட்டித் துவட்டும்போது பிருந்தா மேடம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, இவன் பொறந்து ஆறு மாசம் நான் தனியாத்தானே வீட்டுல இருந்தேன். மூணாவது மாசம் ஒருநாள் மத்தியானம் ஏசி ரிமோட்கிட்ட பேசிட்டிருந்தேன். இவங்க அப்பாகிட்டகூட அதைச் சொன்னதில்லை" என்றார்.

"ரிமோட்டு என்னங்க சொல்லுச்சு?" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாழனும் காரணம் தெரியாமல் சிரித்தான்.

"நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கலக்கா. அந்த முப்பது நிமிஷத்தை நெனச்சா இன்னும் பயமா இருக்கு. ஆனா சொல்லாமலே பொன்னாடையை வாங்கிட்டுப் போயிருக்கலாம், நீங்க சொல்லிட்டீங்க. போன் இனிமே உங்க கையிலயே இருக்கட்டும், சைலன்ட்ல. பையைப் பிரிச்சு வைங்க."

பொன்னாடை ரத்து. சங்கத்தில் வேறு யாருக்கோ போர்த்துவார்கள். எனக்கு அந்தத் துணி வேர்க்கும்.

ஜூலை 8, திங்கள்

பன்னிரண்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பச்சை. இடுப்பில் ரியா.

இவ்வளவு கிட்டத்தில், நிதானமாக இப்போதுதான் பார்க்கிறேன். முன்பல்லில் ஒன்று உடைந்திருக்கிறது. அங்கிருந்து தெரிந்ததைவிட வயசு குறைவு, முப்பதுகூட இருக்காது.

"அந்தம்மா அஞ்சு நாளு லீவு போட்டு பிள்ளையோட இருந்துச்சுக்கா. சனிக்கெழம காலைல போன் பண்ணி, மத்தியானம் அந்த ரெண்டு மணி நேரத்த நீ எப்டி பச்ச ஓட்டுனேன்னு கேட்டுச்சு. திட்டத்தான் கூப்டுதுன்னு பாத்தா, வேலைக்கு வா, கொக்கிய மாத்தியாச்சுன்னு சொல்லுச்சு. உங்க மேடமும் அதுவும் பேசிக்கினாங்களாம். தூங்குற நேரத்துக்கு ஒரு நாளு இங்க, ஒரு நாளு அங்க, ரெண்டு பிள்ளையையும் ஒண்ணா போட்டுக்கினு இருங்கன்னாங்க."

இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் போட்டோம். தூங்குவதாவது! ஒன்று மற்றதன் காதைப் பிடித்து இழுத்தது. மற்றது இதன் மூக்கில் விரலை விட்டது. முன்பக்கத்தில் எழுத இருக்கிறது: தூக்கம், இல்லை.

நான் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. ஷோபனா மேடத்திடம் சொன்னது பெரிதில்லை. அதற்குத் தைரியம் போதும். இதற்கு வேறு என்னவோ வேண்டியிருந்தது. ரியாவின் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"பச்ச, அன்னைக்கி நான் ஒன்னு அம்பதுக்குப் பாக்கலடி. ஒன்னு இருவதுக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் திரையை இழுத்தேன்."

"தெரியும்க்கா. நீ இழுக்கசொல்ல நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"தெரிஞ்சுமா அந்தம்மாகிட்ட ஒன்னும் சொல்லாம வந்த?"

"சொன்னா இன்னா? உன்னையும் தொரத்தி வுட்டிருப்பாங்க. அதுல எனக்கு இன்னா கெடைக்கும்?"

"திரையை இழுத்த பொறவும் எதுக்குடி அதே பக்கம் நின்னு ஆட்டிக்கிட்டு இருந்த? வேற பக்கம் யாரையாச்சும் கூப்பிட வேண்டியதுதான?"

அவள் யாழனின் விரலை ரியாவின் மூக்கிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யார கூப்டறது? அத்தனி பால்கனி கீது, ஒண்ணுலயும் ஆளு இல்ல. ஆளு கீற பால்கனி உன்னுது ஒண்ணுதான். நீ கோவக்காரி, அது எனக்குத் தெரியும். ஆனா உன் கோவம் ஒரு பிள்ளத் தூக்கம் வரைக்கும் தாங்காது, அதுவும் எனக்குத் தெரியும். திரைய தொறப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன். நேரமாக நேரமாக பயம் வந்து கம்பில ஏறிட்டேன். ஏறசொல்லகூட உன் பக்கம்தான் பாத்துக்கினு ஏறுனேன். நீ தொறந்த."

நான் அழவில்லை. யாழன் பாயிலிருந்து தவழ்ந்து வந்து என் கண்ணைத் துடைத்துவிட்டான் என்று பச்சை இனி ஊரெல்லாம் சொல்வாள். அவன் என் மூக்குத்தியைப் பிடுங்கத்தான் வந்தான்.